கிளாஸ்டர் பிரபு கண்ணிழந்தது எதனால்?

ஆங்கில இலக்கியத்தில் அருளுரைக்கு எடுத்துக்காட்டுத் தேடும் ஆயர்களுக்கு, ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ நாடகத்தில் வரும் கிளாஸ்டர் பிரபு வெகு காலமாகக் கைகொடுத்து வந்துள்ளார். இளமையில் ஒழுக்கம் தவறினார். அத்தவற்றில் பிறந்த மகனாலேயே கண்களை இழந்தார். கண்ணிழந்தபின் அகக்கண் திறக்கப் பெற்றார். பாவம், தண்டனை, மனந்திரும்புதல் ஆகிய மூன்று தலைப்புகளும் ஒரே மனிதனின் வாழ்க்கையில் வரிசையாக அமைந்து கிடக்கின்றன. மூன்று பகுதிகள் கொண்ட பிரசங்கத்துக்கு இதனினும் வாய்ப்பான கதை கிடைப்பது அரிது. அந்த வாய்ப்பே நம்மை ஐயுறச் செய்கிறது. நாடகத்தை அங்கம் அங்கமாக வாசிப்போர், கிளாஸ்டர் கண்ணிழந்தது அவர் ஒழுக்கந்தவறிய நாளில் அன்று, வாழ்நாளில் முதன்முறையாகத் தம் உயிரைப் பொருட்படுத்தாமல் ஒருவருக்கு இரக்கஞ்செய்த இரவில் என்பதைக் காண்பர். இவ்வேறுபாடு வெறும் இலக்கிய நுணுக்கமன்று. நோயுற்றோர் படுக்கையருகே நின்று நாம் எதைச் சொல்கிறோம், எதைச் சொல்லாமல் விடுகிறோம் என்பதோடு தொடர்புடையது.

மாணாக்கரின் பொருட்டு முதலில் சில செய்திகள். (எழுத்துக்கூட்டி வாசிப்போர் ‘குளோசெஸ்டர்’ என்பர்; ஆங்கிலேயர் நாவில் அது கிளாஸ்டரே.) இந்நாடகம் 1606ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஸ்தேவானின் திருநாளிரவில், வைட்ஹால் அரண்மனையில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன்னிலையில் நடிக்கப்பட்டது. 1608இல் குவார்ட்டோ எனப்படும் சிறு பதிப்பாகவும், 1623இல் ஃபோலியோ எனப்படும் பெருந்தொகுப்பிலும் அச்சாயிற்று. இரண்டுக்குமிடையே நூற்றுக்கணக்கான வரிகள் வேறுபடுகின்றன. ஷேக்ஸ்பியருக்கு முன்னரே லியரைப் பற்றிய மற்றொரு நாடகம் இருந்தது. அது 1605இல் வெளிவந்தது. அதன் சூழல் வெளிப்படையாகக் கிறிஸ்தவச் சூழல். ஷேக்ஸ்பியரோ கதையைக் கிறிஸ்தவம் எட்டாத பழைய பிரிட்டனில் நிறுத்தினார். ஆகவே பாத்திரங்கள் தெய்வங்களைப் பன்மையில் விளிக்கின்றன. துன்பத்துக்கு விளக்கம் தேடும்போது அவர்கள் கையில் திருமறை இல்லை. அந்தப் பழைய நாடகத்தில் கிளாஸ்டர் என்றொருவர் கிடையாது. அவருடைய கதை சர் பிலிப் சிட்னி எழுதி 1590இல் அச்சான ‘ஆர்க்கேடியா’விலிருந்து எடுக்கப்பட்டது. சிட்னியிடமிருந்து எடுத்ததை ஷேக்ஸ்பியர் எங்கே மாற்றினார் என்பதே நமக்கு முதன்மையான சான்றாகும். அதற்குப் பின்னர் வருவோம்.

கிளாஸ்டரின் குணம் மன்னர் மேடைக்கு வருமுன்னரே வெளிப்பட்டுவிடுகிறது. கென்ட் பிரபுவோடு அவர் உரையாடுகையில் எட்மண்ட் அருகில் நிற்கிறான். இவ்விளைஞன் யார் என்று கென்ட் வினவ, இவனை மகனென ஒப்புக்கொள்வதற்கு முன்பெல்லாம் நாணியதாகவும், பன்முறை நாணியபின் இப்போது அது உறைப்பதில்லையென்றும் கிளாஸ்டர் நகைத்தபடியே விடையிறுக்கிறார். அவன் தாயின் அழகையும், அவன் பிறப்புக்குக் காரணமான களிப்பையும் அவன் செவிகேட்கக் கேலிப்பொருளாக்குகிறார். முறைப்படி பிறந்த எட்கர் இவனைவிட ஓராண்டு மூத்தவன். ஆயினும் தமக்கு இவனைவிட அருமையானவன் அல்லன் என்றும் சொல்கிறார். இது பொய்யன்று. கிளாஸ்டர் அன்பற்றவர் அல்லர். ஆயின் இதே பேச்சில், எட்மண்ட் ஒன்பதாண்டுகள் வெளியே இருந்தான், மறுபடியும் அனுப்பப்படுவான் என்ற செய்தியும், குதிரையைப் பற்றிச் சொல்வது போல, வந்து விழுகிறது.

பிரசங்கிகள் இக்காட்சியில் விபசாரப் பாவத்தைக் காண்கின்றனர். அது முன்னொரு நாளில் நிகழ்ந்தது. நம் கண்முன் மேடையில் நிகழும் பாவம் வேறு. ஒரு தந்தை தம் மகனை, அவன் முகத்துக்கு நேரே, தம் பழைய தவற்றின் அடையாளமாக மட்டும் காண்கிறார். அவனும் ஒரு மனிதன் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஸ்டான்லி கேவல் 1969இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இதைக் கூர்மையாக எடுத்துக்காட்டினார்: நாணத்தின் இயல்பு, பிறர் கண்ணில் படாமல் ஒதுங்குவது, வேடிக்கைப் பேச்சும் அவ்வாறு ஒதுங்கும் ஒரு வழியே. நம் மொழியில் கூறுவதானால், கிளாஸ்டர் தம் பாவத்தை ஒப்புக்கொள்கிறார், ஆயின் அறிக்கையிடவில்லை. சாட்சி சொல்லும் கூட்டங்களில், பழைய பாவங்களைச் சுவையாக எடுத்துரைத்துச் சபையாரை நகைக்கச் செய்யும் சிலரை நாமும் கேட்டிருக்கிறோம். அப்பாவத்தால் புண்பட்ட மற்றொருவர் அதே மண்டபத்தின் பின்வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும் என்ற நினைவு அவர்களுக்கு வருவதில்லை.

அடுத்தது அவருடைய எளிதில் நம்பும் குணம். எட்கர் எழுதியதாகப் புனைந்த கடிதமொன்றை எட்மண்ட் அவசரமாக மறைப்பது போல் நடிக்கிறான். தந்தை என்னவென்று கேட்க, ஒன்றுமில்லை என்கிறான். ஒன்றுமில்லையாயின் மூக்குக்கண்ணாடிக்கு வேலையில்லை என்று சொல்லி அவர் அதை வாங்கி வாசிக்கிறார். சில நிமிடங்களுக்குள், தம் கையில் வளர்ந்த மூத்த மகன் தந்தையைக் கொல்லத் துணிந்தவன் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். இங்கே ஆதியாகமம் 27ஆம் அதிகாரத்தை ஒப்புநோக்குவது நலம். ஈசாக்கு பார்வை மங்கியவர். ஆயினும் அவர் கேள்வி கேட்டார், தடவிப் பார்த்தார், ஆடையின் மணத்தை முகர்ந்தார், குரலைப் பற்றி ஐயங்கொண்டார். இத்தனைக்கும் பின்னரே ஏமாந்தார். பார்வையுள்ள கிளாஸ்டரோ எட்கரை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எட்கரின் கையெழுத்துதானா என்று, கடிதத்தைக் கொடுத்தவனிடமே விசாரிக்கிறார்!

மகன் முகத்தைப் பாராத அவர் வானத்தைப் பார்க்கிறார். அண்மையில் தோன்றிய சூரிய சந்திர கிரகணங்களே இக்கேடுகளுக்கெல்லாம் முன்னறிகுறி என்கிறார். (1605ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அவ்விரண்டும் இங்கிலாந்தில் உண்மையாகவே காணப்பட்டன, அவையோருக்கு நினைவிருந்திருக்கும்.) தந்தைக்கும் மகனுக்கும் பகை மூளும் என்று அவர் புலம்புகையில் மாற்கு 13ஆம் அதிகாரத்தின் சாயல் நம் செவியில் படுகிறது. அவர் வெளியேறியதும் எட்மண்ட் சோதிடத்தை எள்ளி நகையாடுகிறான். அறிவுக்கு ஒத்த பேச்சு அவனுடையது, மூடநம்பிக்கை தந்தையுடையது. ஆயின் இரக்கம் யாரிடம் இருக்கிறதென்று பின்னர்த் தெரியவருகிறது. காலத்தின் குறிகளை வாசிப்பதில் தேர்ந்தவர்கள் தம் வீட்டிலுள்ளோரை வாசிக்கத் தவறுவது பழைய பிரிட்டனுக்கு மட்டும் உரிய குறையன்று.

இரண்டாம் அங்கத்தில் நாம் காணும் கிளாஸ்டர் அரசவை மனிதர். கார்ன்வால் கோமகனும் அவன் மனைவி ரீகனும் அவருடைய மாளிகையில் வந்து தங்கி அதைத் தம் உடைமை போல் ஆள்கின்றனர். மன்னரின் தூதராய் வந்த கென்டைத் தொழுமரத்தில் மாட்டுகின்றனர். கிளாஸ்டர் வேண்டிக்கொள்கிறார், கேட்கப்படவில்லை, தனியே வருந்திவிட்டு விலகுகிறார். லியர் சினந்து நிற்கையில், கோமகனின் முன்கோபத்தைப் பற்றி அவரிடமே எடுத்துச் சொல்லி, எல்லாரும் ஒற்றுமையாய் இருக்க வேண்டுமென்று விரும்புகிறார். புயலிரவில் முதிய மன்னர் வெளியேற, கதவுகளை அடைக்கும்படி அவருக்குக் கட்டளை பிறக்கிறது. சுற்றிலும் பல மைலுக்கு ஒரு புதர்கூட இல்லையே என்று மட்டும் சொல்கிறார். தீமை செய்யமாட்டார், செய்வோரைத் தடுக்கவும் மாட்டார். சபைச் சங்கங்களில் இத்தகைய நல்லவர்களோடு பழகியோருக்கு மேலும் விளக்கம் வேண்டா.

ஆகவே மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சி நம்மைத் திடுக்கிடச் செய்ய வேண்டும். அது மிகக் குறுகியதாதலின் பலர் கவனியாமல் கடந்துவிடுகின்றனர். மன்னருக்கு உதவ அனுமதி கேட்டபோது தம் வீட்டின் உரிமையையே பறித்துக்கொண்டனர் என்றும், மன்னரைப் பற்றிப் பேசவும் அவருக்காக மன்றாடவும் கூடாதென்று தடைவிதித்தனர் என்றும் கிளாஸ்டர் எட்மண்டிடம் மனந்திறக்கிறார். தமக்கு ஆபத்தான கடிதம் ஒன்று வந்திருப்பதையும் சொல்லிவிடுகிறார். பின்பு, இதன்பொருட்டுத் தாம் சாக நேரினும் தம் பழைய தலைவருக்கு உதவியே ஆகவேண்டும் என்று தீர்மானிக்கிறார். அவர் முற்றும் புதிய மனிதராகிவிட்டார் என்று நாம் கூறவில்லை. பிரெஞ்சுப் படையின் ஒரு பகுதி கரையிறங்கிவிட்டது, மன்னருக்கு இழைத்த தீங்குக்குப் பழிவாங்கப்படும் என்ற கணக்கும் அப்பேச்சில் கலந்திருக்கிறது. மேலும், நம்பத்தகாதவனை நம்பும் பழைய குணம் இம்மியும் மாறவில்லை. காட்டிக்கொடுக்கப் போகிறவனிடமே அனைத்தையும் ஒப்படைக்கிறார். இருந்தும் அவர் கையில் தீவட்டி ஏந்தி, புயலில், பொட்டல்வெளியிலுள்ள குடிசையைத் தேடிச் செல்கிறார். கதவை அடைக்கச் சொன்னபோது அடங்கியிருந்தவர், இப்போது கட்டளையை மீறி வெளியே நிற்கிறார். இரக்கம் என்பது குணத்தில் குறைகள் யாவும் நீங்கியபின் தோன்றுவதென்று எண்ணுவோர் இக்காட்சியை ஆழ்ந்து வாசிக்க வேண்டும்.

அக்குடிசையில் பைத்தியக்காரனாக வேடமிட்டு நடுங்கிக்கொண்டிருப்பவன் எட்கர். அவன் செவிகேட்க, தம் மகன் தம் உயிரை நாடினானென்றும், அத்துயரம் தம் அறிவையே கலக்கிவிட்டதென்றும் கிளாஸ்டர் கென்டிடம் சொல்கிறார். தீவட்டி வெளிச்சத்தில் மகனைக் காண்கிறார், அடையாளங்காணவில்லை. மன்னரைப் பல்லக்கில் ஏற்றி டோவர் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டு வீடு திரும்புகிறார்.

அங்கே அவரை நாற்காலியில் கட்டுகின்றனர். மன்னரை ஏன் டோவருக்கு அனுப்பினாய் என்பதே திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி. முதலில் சுற்றிவளைத்து விடையளிக்கும் கிளாஸ்டர், பின்பு துணிந்து, மகள்களின் கொடுமையை நேருக்கு நேர் எடுத்துரைக்கிறார். அதற்குப் பதிலாகவே கண்கள் பறிக்கப்படுகின்றன. கார்ன்வாலின் பார்வையில் இது இராஜத்துரோகத்துக்குத் தண்டனை. அன்னியப் படையோடு கூடிச் சதிசெய்தவர் என்பது குற்றச்சாட்டு. இளமையில் செய்த விபசாரத்தைப் பற்றி அக்காட்சியில் ஒருவரும் ஒரு சொல்லும் உரைக்கவில்லை.

இப்போது சிட்னியிடம் வருவோம். ஆர்க்கேடியாவில் வரும் பாப்லகோனிய அரசனும் முறைகேடாய்ப் பிறந்த மகனின் சொல்லைக் கேட்டு நல்ல மகனைக் கொல்ல ஆணையிட்டவன், அவனும் கண்ணிழந்தவன். ஆயின் அங்கே கண்களைப் பறிப்பவன் அந்தத் தீய மகனே. ஆட்சியைத் தனதாக்கிக்கொண்டபின் தந்தையைக் குருடாக்கித் துரத்துகிறான். பாவத்தின் விளைவு பாவியையே தாக்கும் நேர்கோடு அது. ஷேக்ஸ்பியர் அக்கோட்டை வேண்டுமென்றே வளைத்தார். கண்களைப் பறிக்கும் கையை வேறொருவனுடையதாக்கினார். காரணத்தை மன்னருக்குக் காட்டிய இரக்கமாக்கினார். எட்மண்ட் காட்டிக்கொடுத்தான் என்பது மெய். ஆயின் காட்டிக்கொடுப்பதற்கு ஒரு நற்செயல் முதலில் நிகழவேண்டியிருந்தது. ஆசிரியர் ஒருவர் தம் மூலநூலில் ஆயத்தமாய்க் கிடந்த நீதிப்பாடத்தைக் கலைத்து எழுதியிருக்க, நாம் அதை மீண்டும் ஒட்டவைத்துப் பிரசங்கிப்பது நேர்மையன்று.

எனினும் ஓர் ஆட்சேபம் எழும். நாடகத்தின் இறுதியில் எட்கரே, தெய்வங்கள் நீதியுள்ளவை, உன்னைப் பெற்ற இருண்ட இடம் தந்தைக்குக் கண்களை விலையாக்கிற்று என்று பொருள்படக் கூறுகிறானே? கூறுவது உண்மையே. பெரும்பாலான பிரசங்கங்கள் இவ்விடத்திலிருந்தே பிறக்கின்றன. ஆயின் அதைச் சொல்பவன் யார், யாரிடம் சொல்கிறான் என்று பார்க்க வேண்டும். வாட்போரில் வீழ்ந்து செத்துக்கொண்டிருக்கும் தம்பியிடம் அவன் சொல்கிறான். மன்னிப்பைப் பரிமாறிக்கொள்வோம் என்று தொடங்கிய அதே பேச்சில், நீ எங்கள் தந்தையின் பாவம் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். முதற்காட்சியில் தந்தை வேடிக்கையாகச் சொன்னதை இறுதிக்காட்சியில் மகன் இறையியலாகச் சொல்கிறான். இரண்டையும் கேட்டுநிற்பவன் எட்மண்டே. அவனும் அதை ஒப்புக்கொள்கிறான். வேறு என்ன செய்வான்? பிறந்த நாள்முதல் அவனைப் பற்றிப் பிறர் கூறிவந்தது அதுதானே.

எட்கரின் கூற்றில் ஒரு பகுதி உண்மை உண்டு என்பதை மறுக்கவேண்டியதில்லை. கிளாஸ்டரின் பழைய தவறும், அதைவிட அதிகமாய் எட்மண்டை அவர் நடத்திய விதமும், இந்தக் கேட்டுக்கு வழிதிறந்தன. விளைவு என்னும் சொல்லை நாம் தாராளமாகப் பயன்படுத்தலாம். விளைவு வேறு, தண்டனை வேறு. யோவான் 9ஆம் அதிகாரத்தில் சீடர்கள், பிறவிக் குருடனுடைய நிலைக்குப் பாவம் செய்தவர் யார் என்று கேட்டபோது, ஆண்டவர் அக்கேள்வியையே ஏற்கவில்லை. யோபுவின் நண்பர்களும் எட்கரைப் போன்றே நீதியுள்ள தெய்வத்துக்காக வழக்காடியவர்கள். நூலின் முடிவில் கடிந்துகொள்ளப்பட்டவர்களும் அவர்களே. நாம் அறிந்த ஒரு சபையில், பார்வை மங்கிவந்த முதியவர் ஒருவருக்காக ஜெபிக்க வந்த குழுவினர், மறைவான பாவம் ஏதேனும் உண்டோ என்று அவரை வினவினர். அவர் மறுமொழி கூறவில்லை. அதன்பின் அவர் ஆராதனைக்கு வரவுமில்லை. வினவியவர்களும் கெட்டவர்கள் அல்லர்.

கிளாஸ்டரின் உண்மையான மனந்திரும்புதல் எங்கே நிகழ்கிறது என்பதையும் சுட்டவேண்டும். இரண்டாம் கண்ணும் போனபின் அவர் எட்மண்டைக் கூவி அழைக்கிறார். காட்டிக்கொடுத்தவனே அவன்தான் என்று ரீகன் எள்ளுகிறாள். அக்கணமே, அப்படியாயின் எட்கருக்கு அநீதி இழைக்கப்பட்டதே என்று உணர்ந்து, தம்மை மன்னிக்குமாறும் எட்கரை வாழ்விக்குமாறும் தெய்வங்களை வேண்டுகிறார். எட்மண்டைச் சபிக்கவில்லை. கண்களைப் பறித்தோரைப் பற்றியும் பேசவில்லை. இரத்தம் வழியும் அந்நேரத்தில் அவர் நினைவு, தாம் தீங்கிழைத்த மகனிடம் செல்கிறது. லியர் மன்னர் இந்த நிலைக்கு வர எத்தனையோ காட்சிகள் செல்லும். கிளாஸ்டருக்கு இரண்டு வரிகள் போதுமாயிருந்தன. துன்பம் அவரை நல்லவராக்கிற்று என்பதைக் காட்டிலும், உண்மையை அறிந்த கணத்தில் அதனை ஏற்றுக்கொண்டார் என்பதே பொருத்தம்.

ஆயின் மனந்திரும்பியவருக்கு நம்பிக்கை உடன் பிறந்துவிடவில்லை. இதையும் பிரசங்கங்கள் விட்டுவிடுகின்றன. நான்காம் அங்கத்தில், எண்பதாண்டுகளாக அவர் குடும்பத்து நிலத்தில் குடியிருந்த முதியவன் ஒருவன் கைப்பிடித்து நடத்திவர, கிளாஸ்டர் தெய்வங்கள் மனிதரை விளையாட்டாகக் கொல்கின்றன என்று கசந்து பேசுகிறார். அதே காட்சியில், தம் பணப்பையைப் பிச்சைக்காரனிடம் கொடுத்து, மிகுதியாய் உடையோர் பகிர்ந்துகொடுத்தால் எல்லாருக்கும் போதியது கிடைக்கும் என்றும் சொல்கிறார். கசப்பும் ஈகையும் ஒரே நாவில், ஒரே வேளையில் பிறக்கின்றன. நம்பிக்கை இழந்தோரிடம் அன்பும் வற்றிவிடும் என்று எண்ணுவது தவறு. அவர் வேண்டுவதோ ஒன்றே: டோவரின் செங்குத்தான கடற்பாறையின் விளிம்புவரை வழிகாட்ட வேண்டும்; அதற்கப்பால் வழிகாட்டி தேவையில்லை.

வழிகாட்டி எட்கர். சிட்னியின் கதையிலும் அரசன் இவ்வாறே வேண்டுகிறான். நல்ல மகன் மறுத்துவிடுகிறான். எட்கரோ மறுக்காமல், சமவெளியில் நிறுத்தி, இதுவே விளிம்பு என்று நம்பவைக்கிறான். கிளாஸ்டர் முழங்காற்படியிட்டு, எட்கர் உயிரோடிருந்தால் அவனை ஆசீர்வதிக்கும்படி வேண்டி, முன்னே விழுகிறார், தரையில் விழுகிறார். உடனே எட்கர் வேறொரு குரலில், கடற்கரையில் நிற்பவனாய்ப் பேசி, இவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தது அற்புதம் என்கிறான். மேலே கூட நின்றது கொம்புகளும் ஆயிரம் மூக்குகளும் உடைய பிசாசு என்றும் புனைகிறான். போலந்துத் திறனாய்வாளர் யான் காட் 1960களில் இதைப் பொருளற்ற உலகின் கோமாளிக் கூத்தாகக் கண்டார். இறையியல் மாணாக்கர் வேறொன்றையும் காண்பர்: உயரத்தினின்று தாழக் குதிக்கத் தூண்டும் பிசாசு என்பது மத்தேயு 4ஆம் அதிகாரச் சோதனையின் நிழல்.

இதனோடு வரலாற்றுச் செய்தியொன்றும் பிணைந்துள்ளது. எட்கர் பைத்தியக்காரனாய்ப் பிதற்றும் பிசாசுகளின் பெயர்களை ஷேக்ஸ்பியர் சாமுவேல் ஹார்ஸ்னெட் 1603இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்தார். பின்னாளில் யார்க் பேராயரான ஹார்ஸ்னெட், ரோமக் குருமார் சிலர் 1580களில் நடத்திய பேயோட்டல்கள் மேடைக்கூத்துக்கு ஒப்பான ஏமாற்று என்று அதில் தாக்கி எழுதினார். பொய்ப்பிசாசு, பொய்யற்புதம் பற்றிய நூலை வாசித்த கையோடு, ஒரு மகன் தன் தந்தையின் உயிரைக் காக்கப் பொய்ப்பிசாசையும் பொய்யற்புதத்தையும் புனையும் காட்சியை ஷேக்ஸ்பியர் எழுதினார். புராட்டஸ்டண்டு ஆயர்கள் இங்கே சற்று நின்று சிந்திக்கலாம்.

பொய் பலித்ததா? ஓரளவு பலித்தது. இனித் துன்பம் தானே ஓயும்வரை பொறுப்பேன் என்று கிளாஸ்டர் உறுதிகொள்கிறார். சற்றுப்பின் பித்தேறிய லியர் வருகிறார். கண்ணிழந்தவர் குரலால் மன்னரை அறிகிறார். மன்னரும் அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். நாடகத்தில் எட்கர் அவருக்குத் தராத ஒன்றை, அறிவு கலங்கிய மன்னர் தருகிறார்: அறியப்படுதல். அதன்பின்னரே, தம் வேளைக்கு முன் சாகத் தம்மைத் தூண்டும் ஆவி மறுபடி வெல்லாதபடி காக்குமாறு கிளாஸ்டர் ஜெபிக்கிறார். ஆயினும் ஐந்தாம் அங்கத்தில், போரில் லியர் தோற்றார் என்றதும், இங்கேயே கிடந்து அழிவேன், நகரமாட்டேன் என்று அமர்ந்துவிடுகிறார். அற்புதத்தின் ஆற்றல் அதுவரைதான். எட்கர் அப்போதும் நல்ல அறிவுரை கூறுகிறான். அதுவும் உண்மைதான் என்று சொல்லிக் கிழவர் எழுந்து நடக்கிறார். மற்றவையும் உண்மைதான் என்னும் களைப்பு அந்த மறுமொழியில் ஒலிக்கிறது.

எட்கர் ஏன் தன்னை வெளிப்படுத்தவில்லை என்று திறனாய்வாளர் பலர் வினவியுள்ளனர். 1904இல் பிராட்லி இந்நாடகத்தில் விளக்கமற்று நிற்கும் செய்திகளுள் இதனையும் சேர்த்தார். தந்தையின் வேண்டுதல் அனைத்தும் எட்கரைத் தொட்டுணர வேண்டும் என்பதே; அது கிடைத்தால் மீண்டும் கண் பெற்றதாகவே எண்ணுவேன் என்று அவன் காதுபடச் சொல்லியிருக்கிறார். அவனோ வழிகாட்டினான், பிச்சையெடுத்துக் காத்தான், கொல்ல வந்த ஆஸ்வால்டை வீழ்த்தினான், புத்தி சொன்னான்; நான் உன் மகன் என்று மட்டும் சொல்லவில்லை. அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தில் பிலிப்பி நகரச் சிறைச்சாலைக்காரன் பட்டயத்தை உருவியபோது, பவுல் இருளிலிருந்து குரல்கொடுத்துச் சொன்னது, தாங்கள் அனைவரும் அங்கேயே இருக்கிறோம் என்பதே. அற்புதத்தை விளக்கவில்லை, இருப்பதை அறிவித்தார். எட்கரின் குறையை நாம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இறுதிக் காட்சியில் அவனே அதனைத் தவறு என்று சொல்கிறான். போருக்குப் புறப்படுமுன் அரைமணி நேரத்துக்கு முன்புதான் உண்மையைச் சொல்லி ஆசி வேண்டியதாகவும், பெருமகிழ்வுக்கும் பெருந்துயருக்கும் இடையே தந்தையின் இதயம் வெடித்து, புன்முறுவலோடு இறந்ததாகவும் கூறுகிறான்.

இந்த மரணம் மேடையில் காட்டப்படவில்லை. மகன் சொல்லக் கேட்கிறோம், அவ்வளவே. 1681இல் நாகும் டேட் திருத்தியமைத்த நாடகத்தில் கிளாஸ்டர் சாகாமல் பிழைக்கிறார். பொதுமக்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக மேடையில் கண்டது ஏறக்குறைய அந்தத் திருத்தமே. 1838இல் மக்ரீடி மூலநாடகத்தை மேடைக்கு மீட்டார்.

மாணாக்கர் இந்நாடகத்தை வாசிக்கும்போது எப்பதிப்பைக் கையாள்கின்றனர் என்பதையும் கவனிக்க வேண்டும். கண்கள் பறிக்கப்படும் காட்சியில், சிறுவயதுமுதல் கார்ன்வாலுக்கு ஊழியஞ்செய்த ஒருவன் வாளுருவித் தடுத்து, ரீகனின் கையால் இறக்கிறான். அவன் ஏற்படுத்திய காயத்தால் பின்னர்க் கார்ன்வாலும் இறக்கிறான். இது இரு பதிப்பிலும் உண்டு. ஆயின் கிளாஸ்டரை வாயிலுக்கு வெளியே தள்ளியபின், எஞ்சிய வேலைக்காரர் இருவர் பேசிக்கொள்ளும் சில வரிகள் 1608ஆம் ஆண்டுப் பதிப்பில் மட்டுமே உள்ளன, 1623இல் இல்லை. அவர்களுக்குப் பெயரில்லை. கார்ன்வாலும் ரீகனும் செய்த கொடுமையைப் பற்றி நடுங்குகின்றனர். கிளாஸ்டரின் கடந்த காலத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒருவன், பிரபுவைப் பின்தொடர்ந்து, அவர் விரும்பிய இடத்துக்கு அழைத்துச்செல்ல ஒரு பைத்தியக்காரனையாவது தேடிப்பிடிக்கலாம் என்கிறான். மற்றவன், இரத்தம் வழியும் அம்முகத்துக்கு இட, சணல் நாரும் முட்டையின் வெண்கருவும் கொண்டுவரப் போகிறான்.